தேற்றம் வரி பிசகாம வருது, எடுத்துக்காட்டு கேட்டா பேனா நிக்குது – இரண்டாம் வருஷ பி.எஸ்சி. வகுப்பை எங்கிருந்து ஆரம்பிக்கறது?

சென்னிமலை டீச்சர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கங்க. ஈரோடு பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரி. இரண்டாம் வருஷ பி.எஸ்சி. கணிதம், 46 பேர், ரியல் அனாலிசிஸ் (மெய்யெண் பகுப்பாய்வு) வாரத்துக்கு 5 மணி நேரம். பாதிக்கு மேல தமிழ்வழியில பிளஸ் டூ முடிச்சவங்க.

“ஒருங்கும் ஒவ்வொரு தொடர்வரிசையும் வரம்புடையது.” (ஒருங்கறதுன்னா உறுப்புகள் ஒரே எண்ணை, அதாவது எல்லையை, எவ்வளவு வேணாலும் நெருங்கிப் போறது; வரம்புடையதுன்னா எல்லா உறுப்பும் இரண்டு எண்ணுக்கு நடுவுல அடங்கறது.) இதை நிறுவச் சொன்னா ஏறக்குறைய எல்லாருமே முழுசா எழுதிடறாங்க. “சரி, வரம்புடையதா இருந்தும் ஒருங்காத ஒண்ணு சொல்லுங்க”ன்னா நாலஞ்சு பேர்தான். மத்தவங்கள்ல நிறையப் பேர் அப்படி ஒண்ணு இருக்கவே முடியாதுங்கறாங்க. தேற்றமும் மறுதலையும் (“வரம்புடையதெல்லாம் ஒருங்கும்”னு திருப்பிச் சொல்றது) அவங்களுக்கு ஒண்ணுதான். நிரூபணத்துல “எப்சிலான் (எல்லைக்கு எவ்வளவு பக்கத்துலங்கற தூரம்) = 1 என்க”ன்னு வருதே, ஏன் 1? 2 வெச்சா ஆகாதா?ன்னு கேட்டா, “புத்தகத்துல 1தானுங்க மேடம் போட்டிருக்கு.”

அஞ்சு யூனிட்டும் முடிச்சாகணும். அதுக்குள்ளயே யோசிக்கப் பழக்கறதுக்கு வகுப்புல என்ன பண்ணலாம்? எந்தக் கேள்வி, எத்தனை நிமிஷம், எங்க சறுக்கும்னு சொன்னீங்கன்னா பெரிய உதவியா இருக்கும். (டைப் பண்றதுக்கு லேசா இருக்கும்னு மாறிகளுக்கு க, ம-ன்னே எழுதலாங்க. க-ன்னா உறுப்போட இட எண், சார்புன்னா அதோட மாறி. ம-ன்னா எந்த இடத்துல இருந்து எல்லா உறுப்பும் எல்லைக்கு எப்சிலான் தூரத்துக்குள்ள வருதோ அந்த இடம்.)

---

நொய்யல்கரை

அந்தத் தேற்றத்தையே எடுத்துக்கலாம் மேடம். ஆனா நிரூபணத்தை முதல் நாள் தொடவே வேண்டாம்.

பலகையில எட்டுக் கட்டம் போடுங்க. மேலே இரண்டு தலைப்பு: ஒருங்கும், ஒருங்காது. இடது பக்கம் நாலு: வரம்புடையது–ஒரே திசையில் போவது, வரம்புடையது–ஏறி இறங்குவது, வரம்பற்றது–ஒரே திசை, வரம்பற்றது–ஏறி இறங்குவது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தொடர்வரிசை வேணும். 8 நிமிஷம் தனியா, அப்புறம் 7 நிமிஷம் பக்கத்துல இருக்கறவங்களோட. சில கட்டம் நிரம்பாதுங்கறதை மட்டும் வாயைத் திறந்து சொல்லிடாதீங்க. சொல்லிட்டா கஷ்டமான கட்டம் எல்லாத்தையும் “முடியாது”ன்னு போட்டுட்டு உக்காந்துக்குவாங்க.

அஞ்சு கட்டம் நிரம்பும். 1/க, (–1)ன் அடுக்கு க-வை க-ஆல் வகுத்தது, (–1)ன் அடுக்கு க, வெறும் க, கடைசியா –1, 2, –3, 4 என்று போவது. மூணு கட்டம் எத்தனை முட்டினாலும் நிரம்பாது. வரம்பற்றது–ஒருங்கும் இரண்டும் நிரம்பாததுதான் நீங்க சொன்ன தேற்றம். வரம்புடையது–ஒரே திசை–ஒருங்காது நிரம்பாததுதான் அடுத்த வாரம் வரப்போற ஓரியல்புத் தேற்றம். தேற்றம்ங்கறது “இந்தக் கட்டம் எப்பவும் காலி”ங்கற பேச்சுன்னு அவங்க கையாலயே தெரிஞ்சுக்கறாங்க. மறுதலைக் குழப்பமும் அங்கயே தீர்ந்துடும். 1, –1, 1, –1 தன் கட்டத்துல கண் முன்னால உக்காந்திருக்குமே.

சறுக்கற இடங்களைச் சொல்றேன். முதல் கட்டத்தை நீங்க நிரப்பிக் காட்டினா, மீதி எல்லாமே 1/க-வோட பங்காளிகளாத்தான் வரும். காட்டாதீங்க. சிலர் 1, 2, 3, 4, 5-ன்னு அஞ்சு எண்ணோட நிறுத்திடுவாங்க. தொடர்வரிசை முடியாம ஓடணும்ங்கறது பதியலைன்னு அர்த்தம், அதை அங்கயே பேசிடுங்க. எல்லாத்தையும் விட முக்கியமானது, யாராவது ஒருத்தர் 1, 0, 2, 0, 3, 0-ன்னு எழுதி “வரம்பற்றது, ஆனா பூஜ்யத்துக்கு ஒருங்குது, பாதி உறுப்பு பூஜ்யம்தானே”ம்பாங்க. அழிச்சுடாதீங்க, அந்த மணி நேரத்தோட சாரமே அதுதான். “எப்சிலான் அரை. எந்த இடத்துக்கு அப்புறம் எல்லா உறுப்பும் பூஜ்யத்துக்கு அரை தூரத்துக்குள்ள இருக்கு?”ன்னு கேளுங்க. வரையறையில வர்ற “எல்லா” எதுக்குன்னு அப்பத்தான் கண்ணுல படும்.

அடுத்த வகுப்புல நிரூபணம். 1000, 1/2, 1/3, 1/4… கொடுத்து, எப்சிலான் 1 வெச்சு வரம்பு என்னன்னு கேளுங்க. எல்லை 0, அதனால எல்லா உறுப்பும் 1-க்குள்ளன்னு முக்கால்வாசிப் பேர் எழுதுவாங்க. 1000 வெளிய நிக்குதே? அப்பத்தான் “முதல் ம உறுப்புகளில் பெரியதையும் சேர்த்துக்கொள்க”ங்கற வரிக்கு வேலை இருக்குன்னு தெரியும். அது எண்ணி முடியற கூட்டம், அதனால பெரியது ஒண்ணு கட்டாயம் உண்டு. அப்புறம் எப்சிலானை 2 ஆக்குங்க, 1/100 ஆக்குங்க. கிடைக்கிற வரம்பு மாறுமே தவிர நிரூபணம் அப்படியே நிக்கும். “ஏன் 1”க்கு அதுதான் பதில்.

---

பவானி ஜமக்காளம்

மேலே சொன்னதோடு மொழி விஷயத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். தமிழ்வழியோ ஆங்கிலவழியோ, மாணவர்கள் தடுமாறுவது எப்சிலானில் அல்ல. “ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு” என்பதற்கும் “ஒன்று உண்டு, அது எல்லாவற்றுக்கும் பொருந்தும்” என்பதற்கும் உள்ள வேறுபாட்டில்.

“ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சந்தை நாள் உண்டு.” ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குச் செவ்வாய், பக்கத்து ஊருக்கு வேறொரு நாள். இது உண்மை. “ஒரு நாள் உண்டு, அன்றைக்கு எல்லா ஊரிலும் சந்தை.” இது பொய். இரண்டிலும் சொற்கள் ஏறக்குறைய ஒன்றே, வரிசைதான் வேறு. இதை ஐந்து நிமிடம் பேசிவிட்டு நேரே தொடர்ச்சிக்கும் சீரான தொடர்ச்சிக்கும் போய்விடலாம். க² என்ற சார்பு, எப்சிலான் 1. சார்பின் மதிப்பு இந்த 1-க்குள் மட்டுமே மாறும்படி க-வை எவ்வளவு நகர்த்தலாம் என்பதுதான் டெல்டா. எல்லோரும் கால்குலேட்டரை எடுக்கட்டும். க = 1 என்ற இடத்தில் டெல்டா ஏறக்குறைய 0.41 வரை போகலாம். 10 என்ற இடத்தில் 0.049, 100 என்ற இடத்தில் 0.0049. ஊருக்கு ஊர் சந்தை நாள் மாறுகிற மாதிரி இடத்துக்கு இடம் டெல்டா மாறுகிறது. “எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஒரே டெல்டா கொடு” என்றால் கொடுக்க வழியில்லை. சீரான தொடர்ச்சியின் வரையறையைப் பலகையில் எழுத வேண்டியது இதற்குப் பிறகுதான்.

எல்லைக்கு இரண்டு பேர் விளையாட்டு நன்றாக வேலை செய்யும். (2க+1)/(க+3), எல்லை 2 என்கிறார் ஒருவர். எதிரில் இருப்பவர் எப்சிலான் கொடுக்க வேண்டும், இவர் ம சொல்ல வேண்டும். வேறுபாடு 5/(க+3) என்று சுருங்கும். 0.1 கேட்டால் ம = 48; 0.01 கேட்டால் 498. இங்கே வரும் தவறு, மிகச் சிறிய ம-வைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சமன்பாட்டோடு மல்லாடுவது. 48-க்குப் பதில் 1000 சொன்னாலும் ஆட்டத்தில் வெற்றிதான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த சுற்றில் ஒருவர் “எல்லை 1.9” என்று பொய் சொல்லட்டும். இப்போது எதிராளி அவரை மடக்குகிற எப்சிலானைத் தேட வேண்டும்: 0.05 போதும். “எல்லை” என்பதன் மறுப்பு வாக்கியத்தை அவர்களே வாயால் சொல்லிவிடுவார்கள். சூத்திரமாக எழுத வைப்பதைவிட இது எளிது.

“என்றால்” என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உளவியலாளர் வேசன் 1966-இல் கொடுத்த நான்கு அட்டைப் புதிரைத் திருப்பூர்க் கணக்கில் இப்படிப் போடலாம். விதி: ஏற்றுமதிப் பெட்டி என்றால் ஊசி சோதனை (துணியில் உடைந்த ஊசி இல்லை என்று பார்ப்பது) முத்திரை இருக்க வேண்டும். நான்கு பெட்டிகள். முதலாவதில் ஏற்றுமதிச் சீட்டு தெரிகிறது, இரண்டாவதில் உள்ளூர்ச் சீட்டு. இவற்றின் முத்திரைப் பக்கம் சுவரோடு இருக்கிறது. மூன்றாவதில் முத்திரை தெரிகிறது, நான்காவதில் முத்திரை இல்லை. இவற்றின் சீட்டுப் பக்கம் சுவரோடு இருக்கிறது. விதி மீறப்பட்டதா என்று பார்க்க எவற்றைத் திருப்ப வேண்டும்? முதலாவதும் நான்காவதும். பெட்டியாகக் கேட்டால் பெரும்பாலோர் சரியாகச் சொல்வார்கள். அதையே “ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டைப்படை எண்” என்று அட்டையாகக் கேட்டால் மூன்றாவதைத் திருப்பப் போவார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்து, ஒரே கணக்குதான் என்று அவர்களே கண்டுகொள்ள விடுங்கள். முத்திரை இல்லாத பெட்டியைத் திருப்புவதுதான் கான்ட்ராபாசிடிவ் நிரூபணம் (“பின்பாதி இல்லை என்றால் முன்பாதியும் இல்லை” என்று நிறுவுவது). முத்திரை உள்ள பெட்டியைத் திருப்புவது மறுதலையைச் சோதிப்பது.

---

பீளமேடு பொறியியல்

இன்ஜினியரிங் பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்றேனுங்க. எங்க பசங்களுக்கு எப்சிலான் எல்லாம் வராது, ஆனா நோய் அதேதான்: விடை வந்ததும் அடிக்கோடு போட்டுட்டு அடுத்த கணக்குக்குப் போயிடறது.

1/க²-ஐ –1 முதல் 1 வரை தொகையிடச் சொல்லுங்க. –1/க-வுல மேல் எல்லை –1, கீழ் எல்லை +1, கழிச்சா –2. வகுப்பு முழுக்க –2 போட்டுடும். அப்புறம் ஒரே கேள்வி: 1/க² எங்கயாவது குறை எண்ணா இருக்குதுங்களா? இல்லைங்க. அப்ப பரப்பு எப்படிங்க குறையில வரும்? பூஜ்யத்துல சார்பு வெடிச்சுப் போகுது, தேற்றத்தோட நிபந்தனை அங்க செத்துடுச்சு, அதைப் பாக்காம சூத்திரத்தைப் போட்டுட்டாங்க. இந்த ஒரு கணக்குக்கு அப்புறம் ஒரு வழக்கம் கொண்டு வரலாம். கணக்கு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஓரத்துல இரண்டு விஷயம் எழுதணும்: விடை என்ன குறியில வரும், சுமாரா எவ்வளவு பெருசா இருக்கும். எழுதாத தாளுக்கு ஒரு மார்க் குறைங்க, மூணாவது வாரம் பழகிடும்.

லோபிதால் விதிக்கும் (மேலயும் கீழயும் தனித்தனியா வகையிட்டு எல்லை காண்ற விதி) இதே வைத்தியம்தான். (க + சைன் க)/க, க முடிவிலிக்குப் போகுது. வகையிட்டா 1 + காஸ் க, அது ஆடிக்கிட்டே இருக்கும், “எல்லை இல்லை”ன்னு எழுதிடுவாங்க. நேரா வகுத்துப் பாத்தா 1. வகையிட்டதுக்கு எல்லை இருந்தாத்தான் அந்த விதி பேசும், இல்லைன்னா அது ஒண்ணுமே சொல்லலைன்னு அர்த்தம்.

46 பேரை ஒரே நேரத்துல யோசிக்க வைக்க அட்டை முறை நல்லாருக்கும். ஹார்வர்டுல எரிக் மசூர் 1991 வாக்குல இயற்பியல் வகுப்புக்குக் கொண்டு வந்தது. ஒரு கேள்வி, மூணு விடை, ஆளுக்கு அ, ஆ, இ அட்டை. ஒரு நிமிஷம் பேசாம யோசிச்சு எல்லாரும் ஒண்ணா தூக்கணும். சரியான விடை சுமார் 30 முதல் 70 சதவீதத்துக்குள்ள இருந்தா, வேற விடை தூக்கினவங்களோட 3 நிமிஷம் வாதாட விட்டு மறுபடி தூக்கச் சொல்லுங்க. 30-க்குக் கீழ போனா வாதாட்டமும் உதவாது, நீங்கதான் விளக்கணும். உங்க வகுப்புக்கு ஒரு கேள்வி: 0.999… என்பது 1-ஐ விடச் சின்னதா, சமமா, சொல்ல முடியாதா? “நெருங்கும் ஆனா தொடாது”ன்னு ஒரு கூட்டம் கண்டிப்பா வரும். எல்லைங்கறதை ஓடற ஓட்டமா நினைக்கறவங்க அவங்க. அது ஒரு எண், போய்ச் சேர வேண்டியதில்லைன்னு அவங்களை நகர்த்தறதுதான் அன்னைக்கு வேலை. ஒருத்தர் அட்டையைப் பாத்து இன்னொருத்தர் தூக்காம பாத்துக்கங்க, நெஞ்சோட ஒட்டிப் பிடிக்கச் சொன்னாப் போதும்.

---

உடுமலை

எல்லாம் நல்ல யோசனைங்க. ஒரு இடத்துல மட்டும் மாறுபடறேன். மனப்பாடமே கூடாதுன்னு யாரும் எடுத்துக்கக் கூடாது. வரையறை வார்த்தைக்கு வார்த்தை வாயில இருக்கணும். வரையறை தெரியாதவங்ககிட்ட எடுத்துக்காட்டு கேட்டா, மனசுல இருக்கற படத்தை வெச்சுப் பதில் சொல்லுவாங்க. “தொடாது”ங்கறது அந்தப் படத்துல இருந்து வந்த வார்த்தைதான். ஒவ்வொரு வகுப்பும் முதல் 2 நிமிஷம், பழைய வரையறை ஒண்ணு, தாள்ல எழுதணும். நிரூபணத்தைத்தான் மனப்பாடத்துல இருந்து விடுவிக்கணும்.

இன்னொண்ணு, “நாலு எண் போட்டுப் பாத்தேன், சரியா வருது”ங்கறதையே நிரூபணமா நினைக்கறது. இதுக்கு வட்டம்தான் நல்ல மருந்து. பரிதியில 1, 2, 3, 4, 5 புள்ளி வெச்சு எல்லா நாணையும் வரைஞ்சா வட்டம் 1, 2, 4, 8, 16 துண்டாகும். 6 புள்ளிக்கு எல்லாரும் 32 எழுதிட்டு அப்புறம்தான் எண்ணுவாங்க. 31தான் வரும். எண்ணினது தப்போன்னு மறுபடி மறுபடி எண்ணுவாங்க, எண்ணட்டும். ஒரு எச்சரிக்கை: 6 புள்ளியையும் சம இடைவெளியில வெச்சா நடுவுல மூணு நாண் ஒரே இடத்துல வெட்டி 30தான் கிடைக்கும், கோணலா வைக்கச் சொல்லுங்க. இது தெரியாமப் போனா வகுப்பு 30-ஆ 31-ஆன்னே மல்லுக்கட்டிட்டு முடிஞ்சுடும். ஆய்லர் பேரால சொல்ற க² + க + 41-ஐயும் சேர்த்துக்கலாம். 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் பகா எண். 40 போட்டா 1681, அதாவது 41 × 41. ஏன் 40-ல உடையணும்னு கேட்டா, 40 × 41 + 41-ன்னு அவங்களே பிரிச்சுக் காட்டிடுவாங்க.

ஈரோட்டுல பிறந்த ராமானுஜனைச் சொல்லி “அவருக்கெல்லாம் தானா தோணுச்சு”ன்னு பசங்க பேசுவாங்க. அவர் கணக்கு பூராவும் சிலேட்டுல போட்டு, முழங்கையால அழிச்சுட்டு, முடிவை மட்டும் நோட்டுல எழுதினவரு. நமக்குக் கிடைச்சது நோட்டு, உழைப்பு சிலேட்டோட போச்சு. வகுப்புலயும் நாம முடிஞ்ச நிரூபணத்தை மட்டும் காட்டினா அதே மாதிரிதான் ஆகும். அதனால பலகையில தப்பா ஆரம்பிச்சு, மாட்டிக்கிட்டு, திரும்பி வர்றதையும் காட்டுங்க.

தப்பான நிரூபணத்தைக் கொடுத்து 5-க்கு மார்க் போடச் சொல்றதும் நல்ல வேலை வாங்கும். “எந்தப் பட்டியிலும் எல்லாக் காங்கேயம் மாடும் ஒரே நிறம்.” ஒரு மாடு இருந்தா உண்மை. க மாட்டுக்கு உண்மைன்னு வெச்சுக்கிட்டு க+1 மாட்டை எடு. முதல் மாட்டை ஓட்டிட்டா மீதி ஒரே நிறம். கடைசி மாட்டை ஓட்டிட்டா மீதி ஒரே நிறம். நடுவுல இருக்கறது இரண்டுக்கும் பொது. ஆக எல்லாம் ஒரே நிறம். “செவலை, மயிலை, காரின்னு எல்லாமே இருக்குதே”ம்பாங்க. முடிவு தப்புன்னு அது சொல்லுது, எந்த வரி தப்புன்னு சொல்லலை. 1-ல இருந்து 2-க்குப் போறப்ப நடுவுல மாடே இல்லைங்கறதைக் கண்டுபிடிக்கற வரைக்கும் விடாதீங்க. 15 நிமிஷம் தாராளமா ஆகும்.

---

சென்னிமலை டீச்சர்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இரண்டு சந்தேகம். பல்கலைக்கழகத் தேர்வுல “கூறி நிறுவுக”தான் வருது, அதை நான் மாத்த முடியாது. கட்டம், விளையாட்டுன்னு போனா நிரூபணம் நடத்த நேரம் எங்க இருந்து வரும்? அப்புறம், எடுத்துக்காட்டு வீட்டுக்குக் கொடுத்தா ஒருத்தர் போட்டதை 46 பேரும் எழுதிட்டு வந்துடறாங்க.

---

நொய்யல்கரை

நேரம் பலகையில இருந்து வரும் மேடம். ஒரு பக்க நிரூபணத்தைப் பலகையில எழுதி, அவங்க பாத்து எழுதி முடிக்க 20 நிமிஷம் போகுது. அந்த 20 நிமிஷம் யாரும் யோசிக்கறதில்லை. நிரூபணத்தை வரி எண்ணோட ஜெராக்ஸ் போட்டுக் கொடுங்க. வலது பக்கம் “காரணம்”ங்கற பத்தியைக் காலியா விடுங்க. 12 நிமிஷத்துல ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதணும்: வரையறையா, நிபந்தனையா, முந்தின வரியா. நிபந்தனை எந்த வரியில பயன்பட்டதோ அதுக்குக் கீழே கோடு. கோடு விழாத நிபந்தனை ஏதாவது மிச்சம் இருந்தா, ஒண்ணு அவங்க தவற விட்டிருக்காங்க, இல்லை அது தேவையே இல்லை. இப்படிக் காரணத்தோட படிச்சவங்களுக்குத் தேர்வுல ஒரு வரி மறந்தாலும் அடுத்த வரியில இருந்து பின்னால வந்து பிடிச்சுக்க முடியும். உருப்போட்டவங்களுக்கு ஒரு வரி போனா அத்தோட நின்னுடும்.

பல்கலைக்கழகத் தாள் நம்ம கையில இல்லை, உள்மதிப்பீடு நம்ம கையில இருக்கு. அங்க “மூடிய, வரம்புடைய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு பெருமத்தை அடையும், நிறுவுக” வேண்டாம். (மூடியன்னா முனைப் புள்ளியும் உள்ளேயே இருக்கறது.) “மூடிய, வரம்புடைய, தொடர்ச்சியான: ஒவ்வொண்ணா நீக்கி, பெருமத்தை அடையாத சார்பு ஒண்ணு வீதம் தருக, உடையும் வரி எண்ணைக் குறிப்பிடுக”ன்னு கேளுங்க. (0, 1)-ல் 1/க. 0-வில் இருந்து முடிவே இல்லாம ஓடற இடைவெளியில் க. மூணாவதுக்கு 0 முதல் 1 வரை மூடிய இடைவெளியில், க-வாவே வந்து, 1-ல மட்டும் 0-ன்னு விழற சார்பு. மூணு வரி விடை. எடுத்துக்காட்டுக்கு 1, அது ஏன் சரின்னு சொன்னதுக்கு 1. ஆக மொத்தம் 6 மார்க், 46 தாளையும் ஒரு மணி நேரத்துல திருத்திடலாம்.

காப்பி அடிக்கறதுக்குப் பதிவு எண்ணைப் பயன்படுத்துங்க. “உங்கள் பதிவு எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்துக்கு ஒருங்கும், ஏறி இறங்கும் தொடர்வரிசை ஒன்று, 0.001-க்கு ஒரு ம சொல்லுங்கள்.” 37-ன்னா, 37-ஓட (–1)ன் அடுக்கு க-வை க-ஆல் வகுத்ததைக் கூட்டிட்டு வருவாங்க, ம 1001. பக்கத்துல இருக்கறவரோட முறையைப் பாத்தாலும் எண்ணை மாத்தி எழுதியாகணும். அடுத்த தாட்டி அதே வடிவம் கூடாதுன்னு சொல்லிடுங்க.

அந்த எட்டுக் கட்டத்தைப் பலகையோட அழிச்சுடாம ஒரு சார்ட்டுல எழுதிச் சுவத்துல ஒட்டி வைங்க. மெய்யெண்களோட முழுமை (எண்கோட்டுல ஓட்டையே இல்லைங்கறது) வரும்போது அதுக்கு மறுபடி வேலை இருக்கு. “விகிதமுறு எண்கள் மட்டும்தான் உலகம்னு வெச்சுக்கங்க, இப்ப எந்தக் காலிக் கட்டம் நிரம்பும்?”ன்னு கேளுங்க. 1, 1.4, 1.41, 1.414, 1.4142ன்னு ஒருத்தர் சொல்ற வரைக்கும் காத்திருங்க. ஒரே திசையில போகுது, 2-ஐத் தாண்டாது, ஆனா போய்ச் சேர வேண்டிய √2 விகிதமுறு எண்களுக்குள்ள இல்லை. முதல் வாரம் எல்லாரும் சேர்ந்து கைவிட்ட கட்டம் அது.